மெழுகில் உறங்கும் சாட்சி

ஆட்டுத் தோலை உரித்த அன்றே உப்பிட வேண்டும். தவறினால் அது அழுகத் தொடங்கிவிடும். பிறகு எவ்வளவு கைதேர்ந்த தொழிலாளியாலும் அதைக் காப்பாற்ற முடியாது. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இதை யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் முதல், குரோமிய உப்பு வந்துவிட்ட இந்தக் காலம் வரை, அழியும் பொருளை அழியாமல் வைப்பதே பாலாற்றங்கரையின் பிழைப்பாக இருந்து வருகிறது.

இன்னொரு பதனிடும் வேலையும் ஓசையின்றி நடந்து வருகிறது. அது நடக்கும் இடம் ஆஸ்பத்திரி. மார்பில் கட்டி என்று வரும் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து எடுத்த சதைத் துணுக்கை டாக்டர்கள் ஃபார்மலினில் ஊற வைக்கிறார்கள். பின்னர் அதைச் சூடான மெழுகில் பதித்து ஆற வைக்கிறார்கள். தீப்பெட்டியைவிடச் சிறிய அந்த மெழுகு வில்லைக்கு ஆஸ்பத்திரியில் ‘பிளாக்’ என்று பெயர். அதிலிருந்து தலைமயிரைவிட மெல்லிய சீவல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, பூதக்கண்ணாடியால் பார்த்து, புற்றுநோயா அல்லவா என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் வில்லை ஓர் எண்ணுடன் அலமாரிக்குப் போகிறது. நோயாளியும் அதை மறந்து விடுகிறார். குடும்பத்தாரும் மறந்து விடுகிறார்கள்.

மறக்கத்தக்க பொருளா அது? மார்பகப் புற்றுநோய்க்கு இன்று நடைபெறும் வைத்தியத்தில் முக்கியமான சில, இத்தகைய அலமாரிகளிலிருந்தும் குளிர்பெட்டிகளிலிருந்தும் பிறந்தவை என்பதைப் பலர் அறிய மாட்டார்கள்.

விரல் நுனி தடித்த கதை

1893-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் பெர்டினாண்ட் ப்ளூம் என்ற டாக்டர், கிருமிகளைக் கொல்ல ஃபார்மால்டிஹைடு பயன்படுமா என்று சோதித்துக் கொண்டிருந்தார். வேலையின் நடுவே தம் விரல் நுனித் தோல் தடித்துக் கெட்டிப்பட்டிருப்பதைக் கண்டார். தோலைக் கெட்டிப்படுத்தும் மருந்து உள்ளுறுப்புகளின் சதையையும் கெட்டிப்படுத்தி அழுகாமல் காக்கும் அல்லவா என்ற யோசனை அவருக்குத் தோன்றியது. அன்று முதல் இன்று வரை உலகத்தின் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் ஃபார்மலின் புழக்கத்தில் இருக்கிறது.

டேனரியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பதனிடும் மருந்து தோலில் உள்ள புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விடுகிறது. ஃபார்மலினும் சதையின் புரதங்களை அவ்வாறே பிணைக்கிறது. ஆகையால் பதமாகச் செய்த மெழுகு வில்லை சாதாரண அறையிலேயே பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். அதில் உள்ள டி.என்.ஏ. நாளடைவில் துண்டு துண்டாக உடைந்தாலும், அந்தத் துண்டுகளையும் படிக்கும் கருவிகள் இப்போது வந்துவிட்டன.

அலமாரி தந்த மருந்துகள்

மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. ஒரு பெண்ணின் கட்டி பெண்மைச் சுரப்பு நீரான ஈஸ்ட்ரோஜனை உண்டு வளரும்; இன்னொருவரின் கட்டி அதைத் திரும்பியும் பார்க்காது. 1896-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் ஜார்ஜ் பீட்சன், சூற்பைகளை அகற்றினால் சில பெண்களின் மார்புக் கட்டி சுருங்குவதைக் கண்டார். சிலருக்கு மட்டும் சுருங்குவானேன் என்பது அப்போது விளங்கவில்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் அதற்கு விடை காணத் தொடங்கினார். ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் கொக்கி போன்ற ஒரு புரதம் சில கட்டிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. கொக்கி இருந்தால் டாமாக்சிபென் மாத்திரை வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. இப்படி நோயின் போக்கையோ மருந்தின் பலனையோ முன்கூட்டிச் சொல்லும் சங்கேதத்தைத்தான் விஞ்ஞானிகள் அடையாளக் குறி என்கிறார்கள்.

அந்த மாத்திரையின் விலை சில ரூபாய்கள்தான். கொக்கி உள்ள பெண்கள் ஐந்து ஆண்டுகள் அதைச் சாப்பிட்டால், அடுத்து வரும் 15 ஆண்டுகளில் இந்த நோயால் நேரும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் கொக்கி உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியது அந்த மெழுகு வில்லை.

அடுத்த கதை 1987-ல் நடந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த டாக்டர் டென்னிஸ் ஸ்லாமனும் அவரது கூட்டாளிகளும் 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்தார்கள். டெக்ஸாஸ் மாகாணத்து சான் அன்டோனியோவில், நோயாளிகளின் பின்வரலாற்றோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட்டு வந்த கட்டிகளும் அவற்றில் இருந்தன. ஹெர்-2 என்ற ஒரு மரபணு சில கட்டிகளில் மட்டும் பல மடங்கு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியதையும், அவர்கள் விரைவில் இறந்ததையும் பதிவேடுகள் காட்டின. எதிரி யார் என்று தெரிந்ததும் ஆயுதம் தேடினார்கள். 1998-ல் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 2014-ல் அதற்கு ஒப்பான மருந்தை இந்தியக் கம்பெனியே நம் நாட்டுச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

மூன்றாவது கதை இன்னும் சுவையானது. 1980-களில் அமெரிக்காவில் டாமாக்சிபென் மாத்திரையைச் சோதிக்க ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதில் சேர்ந்த பெண்களின் மெழுகு வில்லைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். 2004-ல் அவற்றில் 668 வில்லைகளைத் திறந்து 21 மரபணுக்களை அளந்தார்கள். யாருக்கு நோய் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று சொல்லும் ஒரு கணக்கு அதிலிருந்து கிடைத்தது. 2018-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, 10,273 பெண்களைக் கொண்டு அந்தக் கணக்கைச் சோதித்தது. நெறி கட்டாத, ஹார்மோன் கொக்கி உள்ள, ஹெர்-2 இல்லாத நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, தலைமயிர் கொட்டும் கடுமையான கீமோதெரபி தேவையே இல்லை என்று தெரிந்தது. அன்று வில்லைகளை அடுக்கி வைத்த சிப்பந்திகளுக்கு, தாங்கள் எத்தனை பெண்களின் துன்பத்தைத் தடுக்கிறோம் என்று தெரிந்திருக்குமா?

நம் பெண்களின் கணக்கு

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டது. சுமார் 98,000 பேர் மாண்டனர். மேல்நாட்டுப் பெண்களைவிட ஏறக்குறைய பத்து வயது இளமையிலேயே நம் பெண்களுக்கு இந்நோய் வருகிறது. ஹார்மோன் கொக்கியும் இல்லாமல், ஹெர்-2 பெருக்கமும் இல்லாமல், குறி வைத்துத் தாக்க இடம் கொடாத ஒரு வகைக் கட்டி உண்டு. மூன்றும் இல்லாத வகை என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் அது காண்கிறது. இந்தியாவிலோ நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு என்று பல ஆஸ்பத்திரிகளின் கணக்குகள் கூறுகின்றன.

அப்படியிருக்க, சிகாகோப் பெண்ணின் கட்டியைப் பார்த்துப் போட்ட கணக்கு சோளிங்கர்ப் பெண்ணுக்கு முழுதும் பொருந்தும் என்று எப்படி நம்புவது? மேல்நாட்டு 21 மரபணுச் சோதனைக்கு லட்சக் கணக்கில் செலவாகிறது. செருப்புத் தைக்கும் கம்பெனியில் வேலை செய்யும் பெண் அதற்கு எங்கே போவாள்?

நல்ல வேளையாக நம் நாட்டிலும் முயற்சி தொடங்கியிருக்கிறது. பெங்களூரில் இந்தியப் பெண்களின் மெழுகு வில்லைகளைக் கொண்டே, ஐந்து புரதங்களைப் பார்த்து நோய் திரும்புமா என்று கணிக்கும் சோதனை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இயங்கி வருகிறது. அதே ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் பாரதப் புற்றுநோய் மரபணு வரைபடத்தை வெளியிட்டது. நாடெங்கும் 480 மார்பகப் புற்றுநோயாளிகளிடமிருந்து பெற்ற 960 மாதிரிகளைப் படித்துத் தயாரித்தது அது. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேரை நெருங்கும் நோய்க்கு 480 பேர் என்பது தொடக்கம்தான்.

பாலாற்றங்கரையின் கேள்வி

வேலூர் வட்டாரத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், பெண்கள் வைத்தியமின்றி மடிவதைக் காணச் சகியாமல் டாக்டருக்குப் படித்து வந்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய வைத்திய சாலைதான் இன்று உலகம் அறிந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கென்றே அங்கு மருத்துவப் பள்ளியும் ஏற்பட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை அடையாற்றில் 1954-ல் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். பெண்களின் துயர் கண்டு பெண்களே எழுப்பிய நிலையங்கள் இவை.

ஆனால் ஓர் இடைஞ்சல் இருக்கிறது. வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஆம்பூர்ப் பெண்ணோ ஊரில் உள்ள நர்சிங் ஹோமில் கட்டியை எடுத்துக்கொண்டு, அடுக்கம்பாறை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ, அடையாற்றுக்கோ, பெங்களூருக்கோ போகிறாள். அவளுடைய சதைத் துணுக்கு ஓரிடம், சிகிச்சைச் சீட்டு ஓரிடம், பிறகு நடந்த வரலாறு எங்கும் இல்லை என்று சிதறிப் போகிறது. பின்வரலாறு இல்லாத வில்லை, வாய் பேச முடியாத சாட்சி. சான் அன்டோனியோவின் கட்டிகள் பேசியதற்குக் காரணம், அந்தப் பெண்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்று ஒருவர் பொறுமையாக எழுதி வைத்ததே.

இன்னொரு கேள்வியும் பாலாற்றங்கரையில் கனன்று கொண்டிருக்கிறது. ‘இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நோய் வந்தது’ என்று டேனரிகளை அடுத்த ஊர்களில் பேசாதவர் இல்லை. கழிவுநீர் கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது கட்டுக்கதை அல்ல. 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தந்த தீர்ப்பும், 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு தந்த தீர்ப்பும் அதற்குச் சான்று. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலையின் கழிவு மலை இன்னொரு சான்று.

ஆயினும் மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் நிதானம் வேண்டும். ஆறு இணைப்புக் கொண்ட குரோமியத்தைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது நிரூபணமானது. தோல் தூசியால் மூக்கில் புற்றுநோய் வருவதும் நிரூபணமானது. தோல் பதனிடப் பயன்படுவதோ மூன்று இணைப்புக் குரோமியம். அதன் குணம் வேறு. டேனரி வேலையோ டேனரித் தண்ணீரோ மார்பகப் புற்றுநோய்க்குக் காரணம் என்று இதுவரை எந்த ஆராய்ச்சியும் நிலைநாட்டவில்லை. முதலாளிமார் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். நிரூபணம் இல்லை என்பது குற்றம் இல்லை என்பதாகாது. தேடிப் பாராதவரை எதுவும் நிரூபணமாகாது.

புகையிலையும், வெயிலின் புற ஊதாக் கதிரும் கட்டியின் டி.என்.ஏ.யில் தமக்கே உரிய தழும்பை விட்டுச் செல்கின்றன. விஞ்ஞானிகள் அதைப் படிக்கிறார்கள். எல்லா நஞ்சும் அப்படிக் கையெழுத்துப் போட்டுச் செல்லும் என்று சொல்ல முடியாது. ஆயினும் இந்த வட்டாரத்துப் பெண்களின் வில்லைகளும், அவர்கள் செய்த தொழில், குடித்த தண்ணீர் பற்றிய குறிப்புகளும் ஒருங்கே இருந்தால், வேறு மாவட்டத்துப் பெண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவாவது முடியும். இல்லாவிட்டால் ஒரு சாரார் சந்தேகத்திலும் மறு சாரார் மறுப்பிலும் இன்னும் ஐம்பது ஆண்டுகளைக் கழிக்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டிய காரியங்கள்

முதலாவது, கட்டியைப் பதமாகப் பாதுகாப்பது. உடலிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதை நடுநிலைப்படுத்திய ஃபார்மலினில் இட வேண்டும். பெரிய கட்டியானால் கீறி மருந்து உட்புகச் செய்ய வேண்டும். 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் அது ஊற வேண்டும். இதுவே சர்வதேச விதி. உப்புத் தண்ணீரில் போட்டு மறுநாள் பஸ்ஸில் கொடுத்தனுப்பினால், ஹார்மோன் கொக்கி சிதைந்து, ‘இல்லை’ என்று தவறான அறிக்கை வரக்கூடும். அப்பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய சில ரூபாய் மாத்திரை கிடைக்காமற் போகும். உப்பிடத் தவறிய தோலுக்கு நஷ்டம் பணம். இங்கே நஷ்டம் உயிர். சிறிய நர்சிங் ஹோம்களுக்குச் சரியான மருந்துப் புட்டியைச் சர்க்காரே இலவசமாக வழங்குவதில் பெருஞ்செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, வரலாற்றைச் சேர்த்து வைப்பது. அடையாறு நிலையத்தின் பொறுப்பில் 2012 முதல் தமிழ்நாடு முழுமைக்கும் புற்றுநோய்ப் பதிவேடு நடந்து வருகிறது. 2023 நவம்பரில் தமிழக அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முதன்முதலாக நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, ஈரோடு, கன்னியாகுமரியுடன் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இடம் பெற்றன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தவை. ஆகவே தோல் பிரதேசத்துப் பெண்களின் கட்டிகள் முன்னைவிடச் சீக்கிரத்தில், சிறிய அளவில் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு வந்திருக்கிறது. அந்த வில்லைகளுக்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு காப்பகம் வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தாலும் வில்லையின் எண் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று ஆண்டுக்கொருமுறை விசாரித்து எழுத வேண்டும்.

பெண்கள் காலம் கடந்து வரும் நாட்டில், அலமாரிக்கு ஏன் பணம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பசித்தவனுக்குச் சோறு முதலில். விதை நெல் பிறகு. ஆனால் விதை நெல்லையே வைக்காத குடியானவனுக்கு அடுத்த ஆண்டும் பசிதான். மேலும் மெழுகு வில்லைக்கு மின்சாரம் வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். எறும்பும் ஈரமும் வெக்கையும் அண்டாத அறையும், எண் தவறாமல் அடுக்கும் ஆளும் இருந்தால் போதும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, சம்மதம். 1951-ல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற ஏழை நீக்ரோ வகுப்புப் பெண்மணியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்களை, அவரையோ குடும்பத்தையோ கேளாமல் ஆராய்ச்சிக்கு வளர்த்தார்கள். உலகெங்கும் அவை விலையாயின. அவர் குடும்பத்துக்கு ஒரு கம்பெனியுடன் சமரசம் ஏற்பட்டது 2023-ல்தான். அந்தப் பிழை பாலாற்றங்கரையில் நேரக் கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள், திசுக்களைச் சேமிப்பதற்கும் சம்மதம் பெறுவதற்கும் விதிகள் வகுத்திருக்கின்றன. ஆனால் ஆபரேஷனுக்கு முந்திய இரவில், பயந்து நடுங்கும் பெண்ணிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டிக் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. தமிழில் சொல்ல வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் குடும்பங்களுக்கு உருதுவில் சொல்ல வேண்டும். ‘அம்மா, உங்கள் சிகிச்சைக்கு வேண்டியது போக மீதியை வைத்திருப்போம், உங்கள் பெயர் வெளியே போகாது, வேண்டாம் என்றாலும் வைத்தியத்தில் குறை வராது’ என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அவளுடைய திசுவிலிருந்து ஒரு சோதனையோ மருந்தோ பிறந்தால், அது அவள் ஊர்ப் பெண்களுக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நோயாளிகளும் ஒரு விஷயத்தை மனத்தில் கொள்வது நல்லது. ஆபரேஷன் முடிந்ததும் ‘பிளாக் எங்கே வைக்கப்படும், எண் என்ன’ என்று கேட்டு, சீட்டில் குறித்துக் கொள்ள வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அது கைகொடுக்கும். நோய் மீண்டும் வந்தாலும் அதை எடுத்துத் திரும்பச் சோதிக்கலாம். புதிய மருந்து வரும் நாளில், பழைய வில்லையே அதற்கு அனுமதிச் சீட்டாகலாம்.

அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்கு வந்து, உலகத்தின் கால்களுக்குப் பூட்ஸ் தைத்துக் கொடுத்துவிட்டு, இருட்டியபின் வீடு திரும்பும் பெண்கள் ஆயிரக் கணக்கானவர். அவர்கள் தைத்த பூட்ஸ்களின் எண்ணிக்கை, அளவு, விலை எல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. அவர்களில் ஒருத்திக்கு மார்பில் கட்டி கண்டால், அவள் என்ன வேலை செய்தாள், எந்தக் கிணற்று நீர் குடித்தாள், சிகிச்சைக்குப் பின் எத்தனை ஆண்டு வாழ்ந்தாள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கட்டும். தோலைக் கெடாமல் வைக்கத் தெரிந்த ஊருக்கு இதுவும் முடியாத காரியம் அல்ல.